கையை விட்டால் சரியும் ரெஜிபோம் விமானம்: அறிகுறியைப் பார்த்து ட்ரிம் திருத்துவது

பெரும்போக அறுவடை முடிந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைகள் (வயல்வெளிகள்) காயத் தொடங்கினால், வீட்டில் செய்த றிமோட் விமானங்களோடு பொடியன்கள் வந்துவிடுவார்கள். மீன்பெட்டி ரெஜிபோமில் செதுக்கியது, ஃபோம் போர்டில் வெட்டியது, மூங்கில் குச்சி வைத்துக் கட்டியது என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். முறைப்பாடு மட்டும் ஒன்றுதான்: “அண்ணா, ட்ரிம்மை முழுக்கக் குடுத்துப் பார்த்தன், இன்னும் இடப்பக்கம்தான் சரியுது.”

ட்ரிம் என்பது, ஸ்டிக்கைத் தொடாமலே விமானம் நேரே போகும்படி அசையும் பகுதிகளைச் சற்றே நகர்த்தி வைக்கும் றிமோட் பட்டன். அதை முழுக்கக் கொடுத்தும் சரிவரவில்லை என்றால் கோளாறு ட்ரிம்மில் இல்லை. செட்டையிலோ, வாலிலோ, கம்பியிலோ, பற்றரி வைத்த இடத்திலோ, மோட்டர் பார்க்கும் திசையிலோ இருக்கிறது. ட்ரிம் பட்டன் கடைசி நாலைந்து சொடுக்குக்கு மட்டும்தான். அதற்கு முந்தியதெல்லாம் குறடும் நூலும் வைத்துச் செய்யும் வேலை.

இங்கே சொல்வது ஒரு மீற்றர் முதல் 1.2 மீற்றர் வரை செட்டை நீளமுள்ள, மூக்கில் மோட்டர் வைத்த, 9 கிராம் சேர்வோ (கம்பியைத் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டர்) போட்ட நாலு சனல் (நாலு தனித்தனிக் கட்டுப்பாடு) விமானங்களுக்கு. வாலில்லாத முக்கோண விமானத்துக்கு இதில் பாதி பொருந்தாது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மேசையில்

புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். கழற்றாமல் பற்றரி கொடுக்காதீர்கள். விரல் போன பிறகு ட்ரிம் பற்றிக் கவலைப்பட வேண்டியிராது.

றிமோட்டில் சரியான மொடல் நினைவகம் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு றிமோட்டில் இரண்டு விமானம் விடுகிறவர்கள் கொண்டுவரும் ‘ட்ரிம் கோளாறு’ பல தடவை இதுதான். அடுத்தது, எல்லா ட்ரிம்மையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். டிஜிட்டல் ட்ரிம் என்றால் நடுவுக்கு வந்ததும் பீப் சத்தம் வித்தியாசமாகக் கேட்கும். மெனுவுக்குள் இருக்கும் சப்-ட்ரிம்மையும் (சேர்வோவின் நடு நிலையை நகர்த்தும் எண்) பூச்சியமாக்குங்கள்.

இப்போது சேர்வோக் கைகளைப் பாருங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது கை, தள்ளுகம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஆணியைக் கழற்றி, கையை ஒரு பல் தள்ளிப் போடுங்கள். பல்லுக்குப் பல் இடையில் மிஞ்சும் சின்னச் சரிவுக்கு மட்டும் சப்-ட்ரிம்.

கை நேரானதும் எலிவேற்றர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால்பகுதி), எய்லரன் (விமானத்தைச் சரிக்கும் செட்டைப்பகுதி), றடர் (மூக்கை இட வலம் திருப்பும் வால்பகுதி) மூன்றும் தத்தம் நிலைத்த பகுதியோடு ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று அடிமட்டம் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் கம்பியின் நீளத்தை மாற்ற வேண்டும். கிளெவிஸ் (கம்பி நுனியில் திருகி மாட்டும் கொக்கி) போட்டிருந்தால் திருகினால் போதும். சைக்கிள் ஸ்போக் கம்பி போட்டவர்கள் கம்பியின் நடுவில் ‘ப’ வடிவில் ஒரு வளைவு விட்டிருப்பார்கள் (விடவில்லை என்றால் இப்போதே விடுங்கள்). அந்த வளைவின் இரண்டு காலையும் குறட்டால் நெருக்கினால் கம்பி குறுகும், விரித்தால் நீளும். மெதுவாக அழுத்துங்கள். கம்பி அரை மில்லிமீற்றர் குறுகினாலே எலிவேற்றரின் பின்விளிம்பு கண்ணுக்குத் தெரிய நகரும்.

பிறகு நூல். வால் நுனியின் நடுவில் ஒரு குண்டூசி குத்தி, நூலை ஒரு செட்டை நுனிக்கு இழுத்து அடையாளம் வையுங்கள். அதே நூலை மற்ற நுனிக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் செட்டை கோணலாக உட்கார்ந்திருக்கிறது. றப்பர் பாண்ட் போட்டுக் கட்டும் செட்டையில் இது ஒவ்வொரு தரையிறக்கத்துக்குப் பிறகும் நடக்கும். சரியான இடத்தில் வைத்து, செட்டையிலும் உடலிலும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த தடவை நூல் தேவையில்லை.

கடைசியாகப் பாரமையம், அதாவது விமானம் முன் பின் சமனாக நிற்கும் புள்ளி. முன்விளிம்பிலிருந்து செட்டை அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும். செட்டை 20 சென்ரிமீற்றர் அகலம் என்றால் 5 முதல் 6 சென்ரிமீற்றர். பற்றரியைப் போட்ட பிறகு, அந்த இடத்தில் இரண்டு விரலால் தூக்கிப் பாருங்கள். மூக்கு சற்றே தாழ்ந்தால் பரவாயில்லை, வால் தாழக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகு பின்னால் நின்று திசையைச் சரிபாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வல எய்லரன் மேலே, இட எய்லரன் கீழே. ஸ்டிக்கைத் தன்பக்கம் இழுத்தால் எலிவேற்றர் மேலே. ‘எனக்குத் தெரியும்’ என்று இதை விடுகிறவர்கள்தான் எய்லரன் தலைகீழாக ஓடும் விமானத்தைக் கையால் எறிந்து பறக்கவிடுகிறார்கள்.

## எங்கே, எப்போது

ட்ரிம் பார்க்கக் காற்றில்லாத நேரம் வேண்டும். கல்லடி, நாவலடிப் பக்கம் பொழுது ஏறக் கடல்காற்று எழும்பிவிடும். கச்சான் (தென்மேல் காற்று) அடிக்கும் மாதங்களில் வட்டையும் உதவாது, அந்தக் காற்று விட்டு விட்டு உதைக்கும். விடியற்காலைதான் சரி. காற்று உதைக்கும் நேரத்தில் போட்ட ட்ரிம் அடுத்த நாள் பொய்யாகிவிடும்.

மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தை ஒட்டி, வாவிக்கரையிலேயே இருக்கிறது. அந்தத் திசையில் பறக்கவிடுவதை மறந்துவிடுங்கள். மற்ற இடங்களிலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் ஆளில்லாப் பறப்புகளுக்குப் பொருந்தும். பதிவு, அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேய்கிற எருமையின் மேல் விழுந்த பிறகு சொல்வதைவிட அது சுலபம்.

உயரம், தென்னை மரத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். த்ரொட்டில் (மோட்டர் வேகம்) பாதிக்குச் சற்று மேல். காற்றுக்கு எதிராக நேரே விட்டு, ஸ்டிக்கை நடுவில் விட்டு, இரண்டு மூன்று எண்ணி, என்ன செய்கிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சொடுக்காகக் கொடுங்கள்.

## அறிகுறி 1: ஒரு பக்கம் சரிகிறது

எந்தப் பக்கம் என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். அதைக் கவனித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

### எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு சரிகிறது

எய்லரன் நடு நிலையில் இல்லை, அல்லது செட்டை கோணல். மேலே சொன்ன அடிமட்டமும் நூலும் போதும். மிஞ்சியதை ட்ரிம்மால் எடுக்கலாம்: இடப்பக்கம் சரிந்தால் ட்ரிம் வலப்பக்கம்.

### த்ரொட்டிலைக் கூட்டினால் மட்டும் இடப்பக்கம் போகிறது

த்ரொட்டிலை மூடிச் சறுக்கவிட்டுப் பாருங்கள். மூடியதும் நேரே போனால் செட்டையைத் தொடாதீர்கள். மோட்டரின் முறுக்குதான் இழுக்கிறது. மோட்டரை வலப்பக்கம் இரண்டு பாகை திருப்ப வேண்டும். மோட்டர் மவுண்டின் இடப்பக்க ஆணிகளுக்குப் பின்னால், பலகைக்கும் மவுண்டுக்கும் நடுவில், ஒரு வாஷர் போடுங்கள். துளைகளுக்கிடையில் 25 மில்லிமீற்றர் என்றால் 1 மில்லிமீற்றர் வாஷர் இரண்டு பாகைக்குச் சற்று மேலே கொடுக்கும். இட வலம் எப்போதும் விமானத்துக்குப் பின்னால் நின்று பார்க்கும் இட வலம்தான். முன்னால் நின்று வாஷர் போட்டுவிட்டு ‘முந்தியதைவிட மோசமாகிவிட்டது’ என்று வருகிறவர்கள் உண்டு.

### வேகம் கூடக் கூடச் சரிவும் கூடுகிறது

செட்டை முறுக்கியிருக்கிறது. அரை த்ரொட்டிலில் ட்ரிம் வைத்தால் முழு த்ரொட்டிலில் சரியும், முழுதில் வைத்தால் இறங்கும்போது மறுபக்கம் போகும். ட்ரிம்மால் இதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

விமானத்தை மேசையில் வைத்து, பத்தடி தள்ளிப் பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு செட்டையின் மேற்பரப்பும் ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பக்க நுனியில் பின்விளிம்பு தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் கூடத் தூக்குகிறது, மறுபக்கம் சரிகிறது.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம். மூடிய வான் வண்டிக்குள்ளோ மோட்டார் சைக்கிளில் கட்டியபடியோ மத்தியானம் விட்டுவிட்டுப் போனால் ரெஜிபோம் இளகி, எப்படிக் கிடந்ததோ அப்படியே பிடித்துக்கொள்ளும். கறுப்பு டேப் ஒட்டிய செட்டை இன்னும் சீக்கிரம் முறுக்கும். ஒரு செட்டைக்குக் கறுப்பு, மற்றதுக்கு வெள்ளை என்று அழகு பார்க்கிறவர்கள் கவனிக்க.

திருத்தம்: தலைமுடி காயவைக்கும் ட்ரையரால் மெதுவாகச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் தேவைக்குச் சற்று அதிகமாக முறுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், ரெஜிபோம் சுருங்கி ஓட்டை விழும். ஆறிய பிறகு நார் டேப்பை செட்டையின் கீழ்ப்பக்கம் குறுக்காக ஒட்டினால் நிலைக்கும். இரண்டாம் தடவையும் முறுக்கினால் உள்ளே கார்பன் குச்சி போட வேண்டும். அப்படியும் நிற்காத செட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுவதுதான் மலிவு.

### மெதுவாகும்போது, தரையிறங்கும்போது ஒரு பக்கம் விழுகிறது

ஒரு செட்டை பாரம். புரொப்பெல்லர் நடுவிலும் வால் நுனியிலும் விரலால் பிடித்துத் தூக்கினால் பாரமான பக்கம் தாழும். இலேசான நுனியில் ஒரு ரூபாய்க் குற்றி, பிறகு ஐந்து ரூபாய்க் குற்றி என்று டேப்பால் ஒட்டி ஒட்டிப் பார்த்துச் சமனாக்குங்கள். உடைந்த செட்டையைக் குளூ கன்னால் ஒட்டிய விமானங்களில் இது அடிக்கடி வரும். அந்தப் பசை நினைப்பதைவிடப் பாரம்.

பாரம் சமனாக இருந்தும் விழுந்தால் நீங்கள் மிக மெதுவாக இறங்குகிறீர்கள். அதற்கு வாஷரும் இல்லை, குற்றியும் இல்லை. த்ரொட்டிலைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு இறக்குங்கள்.

## அறிகுறி 2: மூக்கு ஏறுகிறது, அல்லது குத்துகிறது

### பறந்துகொண்டிருக்கும்போது திடீரென்று மாறியது

பற்றரி நகர்ந்துவிட்டது. 3 செல், 2200 mAh பற்றரி கிட்டத்தட்ட 180 கிராம். அது ஒரு சென்ரிமீற்றர் பின்னால் வழுக்கினாலே விமானம் வேறு விமானம். ஒட்டும் வெல்க்ரோ மட்டும் போதாது, சுற்றிக் கட்டும் பட்டியும் வேண்டும். நண்பனிடம் வேறு அளவு பற்றரி இரவல் வாங்கினாலும் பாரமையத்தைத் திரும்பப் பாருங்கள்.

### த்ரொட்டிலோடு சேர்ந்து மாறுகிறது

மட்டமாகப் போகும்போது த்ரொட்டிலைச் சட்டென்று முழுதாகக் கொடுங்கள். கொடுத்த கணமே மூக்கு துள்ளி ஏறினால் மோட்டர் திசைதான் காரணம். மவுண்டின் மேல் ஆணிகளுக்குப் பின்னால் வாஷர் போட்டு இரண்டு மூன்று பாகை கீழே பார்க்கவையுங்கள். உடனே துள்ளாமல், வேகம் ஏற ஏற மெல்ல மூக்கைத் தூக்கினால் மோட்டரில் பிழையில்லை. மூக்கு பாரமாக இருந்து, அதைத் தாங்க எலிவேற்றரை மேலே வைத்திருக்கிறீர்கள். கீழே உள்ள சோதனைக்குப் போங்கள்.

மேல்செட்டைப் பயிற்சி விமானம் முழு த்ரொட்டிலில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதை ஒரேயடியாக இல்லாமலாக்கப் போய் வாஷர் அடுக்காதீர்கள்.

### எப்போதும் ஏறுகிறது அல்லது எப்போதும் குத்துகிறது

நாலைந்து சொடுக்கில் அடங்கினால் அது சாதாரண ட்ரிம். அடங்கவில்லை, அல்லது அடங்கியும் மனம் ஒப்பவில்லை என்றால் பாரமையத்தைப் பறப்பிலேயே சோதிக்கலாம். அரை த்ரொட்டிலில் மட்டமாகப் போகும்படி ட்ரிம் வைத்துவிட்டு, நல்ல உயரத்தில் த்ரொட்டிலை மூடி, 30 பாகை அளவில் மூக்கைக் கீழே இறக்கி, ஸ்டிக்கை விடுங்கள்.

மெல்ல, பெரிய வளைவாகத் தானே நிமிர்ந்தால் நல்லது. சடக்கென்று மூக்கைத் தூக்கினால் மூக்கு பாரம், பற்றரியை 5 மில்லிமீற்றர் பின்னால் தள்ளுங்கள். நிமிராமல் இன்னும் செங்குத்தாகப் போனால் வால் பாரம். உடனே இழுத்து எடுத்து, இறக்கி, பற்றரியை முன்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு தடவை தள்ளிய பிறகும் எலிவேற்றர் ட்ரிம்மைப் புதிதாக வைத்துத்தான் அடுத்த சோதனை. இதை மறந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை.

வால் பாரத்துக்கு வேறொரு அடையாளமும் உண்டு. எலிவேற்றர் ஸ்டிக்கைத் தொட்டாலே விமானம் துள்ளும், எங்கே ட்ரிம் வைத்தாலும் மூக்கு மேலும் கீழுமாக அலையும். அந்த நிலையில் ட்ரிம் தேடி வட்டமடிக்காதீர்கள். த்ரொட்டிலைக் கொஞ்சம் வைத்தபடி அகலமாகத் திருப்பி நேரே இறக்குங்கள்.

பாரமையம் சரியாக இருந்தும் எலிவேற்றர் மூன்று நாலு மில்லிமீற்றர் மேலேயோ கீழேயோ நின்றால்தான் மட்டமாகப் பறக்கிறது என்றால், செட்டையும் வால்தட்டும் சேரும் கோணம் பிழை. செட்டையின் பின்விளிம்புக்கு அடியில் ஐஸ்கிறீம் குச்சி வைத்தால் மூக்கு தாழும், முன்விளிம்புக்கு அடியில் வைத்தால் ஏறும். ஒரு தடவைக்கு ஒரு குச்சி.

## அறிகுறி 3: நேரே பறக்கிறது, ஆனால் ட்ரிம் எல்லைக்குப் போய்விட்டது

இதைக் கோளாறு என்று யாரும் கொண்டுவருவதில்லை. கொண்டுவர வேண்டியது இதுதான். ட்ரிம் தன் ஓட்டத்தில் பாதியைத் தாண்டிவிட்டால் அதைக் கம்பிக்கு மாற்றிவிட வேண்டும். ஸ்டிக் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் ஆட்டுவது நிற்கும், அடுத்த தடவைக்கு ட்ரிம்மும் மிஞ்சும்.

தரையிறங்கியதும் பற்றரியைக் கழற்றாமல் (புரொப்பெல்லரில் கை படாமல்) எலிவேற்றரின் பின்விளிம்பு, நிலைத்த பகுதியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று அடிமட்டத்தால் அளந்து, டேப் துண்டில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். மேசைக்கு வந்து புரொப்பெல்லரைக் கழற்றி, ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து, பின்விளிம்பு அதே அளவில் நிற்கும்வரை கிளெவிஸைத் திருகுங்கள் அல்லது ‘ப’ வளைவை நெருக்குங்கள். எய்லரனுக்கு இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டு எய்லரன் சேர்வோவும் ஒரே ‘வை’ வயரில் (ஒன்று இரண்டாகப் பிரியும் வயர்) இருந்தால் றிமோட்டால் ஒன்றை மட்டும் நகர்த்த முடியாது, கம்பிதான் வழி.

சிலர் எலிவேற்றர் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு ஒட்டி வளைத்து ட்ரிம் செய்கிறார்கள். ஆள் ஏறும் விமானத்தில் அந்தத் தகட்டைக் கீழே வளைத்தால் எலிவேற்றர் மேலே போகும், காரணம் அங்கே காற்று எலிவேற்றரைத் தள்ளி நகர்த்தலாம். எங்கள் விமானத்தில் சேர்வோ இறுக்கிப் பிடித்திருப்பதால் எலிவேற்றர் அசையாது. தகட்டைக் கீழே வளைத்தால் எலிவேற்றரையே கீழே வைத்ததுபோல் மூக்கு தாழும். படம் பார்த்துச் செய்கிறவர்கள் தலைகீழாக வளைத்துவிடுவது இதனால்தான். சேர்வோ உள்ள விமானத்துக்குத் தகடே தேவையில்லை என்பது என் கட்சி.

## அறிகுறி 4: ட்ரிம் நிற்கவில்லை

நேற்று நேரே போனது, இன்று சரிகிறது. அல்லது வலப்பக்கம் திருப்பி விட்டால் ஒரு மாதிரி, இடப்பக்கம் திருப்பி விட்டால் வேறு மாதிரி. அதிகம் நேரம் தின்னும் கோளாறு இது. மலிவானதிலிருந்து போவோம்.

கீல். செலோ டேப் கீல் வெயிலிலும் ஈரத்திலும் விட்டுப்போகும். பின்விளிம்பைப் பிடித்து மெல்ல இழுங்கள். இடைவெளி திறந்தால் பழைய டேப்பை முழுக்க எடுத்துவிட்டு, இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நார் டேப் ஒட்டுங்கள். பழையதின் மேல் புதியது ஒட்டுவது ஒரு கிழமைக்குத்தான்.

கொம்பு. எலிவேற்றரில் கம்பி மாட்டும் அந்தக் கொம்பு ரெஜிபோமிலிருந்து ஆட்டம் கண்டிருக்கலாம். ஒட்டும்போது சாதாரண சுப்பர் குளூ வேண்டாம், ரெஜிபோமைக் கரைத்துக் குழியாக்கும். ஸ்பிறே பெயின்றும் அப்படித்தான். எபொக்சி அல்லது ஃபோமுக்கென்று விற்கும் பசை.

துளை. சேர்வோக் கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு எலிவேற்றரை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்விளிம்பு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் துளை பெருத்துவிட்டது. கம்பியின் நுனிக்கு மெல்லிய சுருங்கு குழாய் போட்டு மாட்டலாம், அல்லது கொம்பைப் புதிதாகப் போட்டுக் கம்பிக்குச் சரியான துளை இடலாம்.

கம்பி வளைவது. நீளமான மெல்லிய கம்பி இழுக்கும்போது சரியாக வேலைசெய்யும், தள்ளும்போது நடுவில் வில்லாக வளையும். எலிவேற்றரைக் கையால் தடுத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டிக்கை ஆட்டச் சொல்லுங்கள், வளைவது கண்ணுக்குத் தெரியும். கம்பியை வெற்றுப் பேனாக் குழாய்த் துண்டுகளுக்குள்ளால் விட்டு, குழாயை உடலில் ஒரு சாணுக்கு ஒன்றாக ஒட்டுங்கள். செலவே இல்லாத இந்த வேலையை முதலிலேயே செய்தால் பாதிப் பேருக்கு மேற்கொண்டு படிக்க வேண்டியிராது.

சேர்வோ. மேலே உள்ளவை எல்லாம் இறுக்கமாக இருந்தும் நிற்கவில்லை என்றால் இந்தச் சோதனை. ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளி மெதுவாக நடுவுக்கு விடுங்கள், பின்விளிம்பு நின்ற இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். மறுபக்கம் தள்ளி விட்டு, திரும்பக் குறியுங்கள். இரண்டு குறியும் விலகினால் கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் சேர்வோக் கையோடு அதையே செய்யுங்கள். இப்போது கை ஒரே இடத்துக்கு வந்தால் பிழை கம்பியிலோ கீலிலோ, எங்கோ இறுகிப் பிடிக்கிறது. வெறும் கையும் இரண்டு இடத்தில் நின்றால் சேர்வோ போய்விட்டது. கையால் மெல்லத் திருப்பும்போது ஓரிடத்தில் ‘கிளிக்’ என்று வழுக்கினால் பல் உடைந்திருக்கிறது. 9 கிராம் பிளாஸ்டிக் சேர்வோவைத் திருத்த உட்காராதீர்கள், மாற்றுங்கள். எலிவேற்றருக்கு மட்டுமாவது உலோகப் பல் உள்ளதைப் போடுவது நல்லது.

## அறிகுறி 5: செட்டை மட்டம், ஆனால் நண்டுபோல் போகிறது

விமானத்தை உங்களிடமிருந்து நேரே தள்ளிப் போகவிட்டு வாலைப் பாருங்கள். செட்டை மட்டமாக இருக்க மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கினால் றடர் ட்ரிம் ஓரிரண்டு சொடுக்கு. அதற்கும் அடங்காவிட்டால் நிமிர்ந்து நிற்கும் வால் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. வெட்டி ஒட்டுவதுதான் திருத்தம்.

திரும்பத் தொடங்கும்போது மட்டும் மூக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டு வந்தால் அது றடர் கோளாறில்லை. எய்லரன் மேலே போகும் அளவு கூடவும் கீழே போகும் அளவு குறையவும் இருக்க வேண்டும். தனித்தனிச் சனலில் இருந்தால் றிமோட் மெனுவில் டிஃபரென்ஷியல் வைக்கலாம்.

## அறிகுறி 6: வேகத்தில் ‘ஸ்ர்ர்ர்’ என்று அதிரும் சத்தம்

த்ரொட்டிலை உடனே மூடுங்கள். யோசிக்காதீர்கள். எலிவேற்றரோ எய்லரனோ காற்றில் படபடக்கிறது. ஓரிரு நொடியில் கீலைக் கிழித்துக்கொண்டு போகும். மெதுவாக்கினால் சத்தம் நிற்கும், அப்படியே இறக்குங்கள்.

அறிகுறி 4-இல் சொன்ன ஆட்டங்கள் அத்தனையையும் தேடுங்கள். பெரும்பாலும் பெருத்த துளையும் விட்டுப்போன கீலும் சேர்ந்திருக்கும். எய்லரன் மெல்லிய ஃபோம் என்றால் நுனி தனியே முறுகும், அதற்கு நீளவாக்கில் மூங்கில் குச்சி ஒட்டுங்கள். ஆட்டம் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அந்த விமானத்தைத் திரும்ப முழு வேகத்தில் விடாதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

## அறிகுறி 7: சேர்வோ தானாகத் துடிக்கிறது, உறுமுகிறது

ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஒரு சேர்வோ மட்டும் விடாமல் உறுமினால் கம்பி இறுகிப் பிடிக்கிறது. கழற்றினால் நிற்கும். குழாயையோ வளைவையோ தளர்த்துங்கள்.

எல்லாச் சேர்வோவும் சேர்ந்து துடித்தால் மின்சாரம். கடற்கரையில் பறக்கவிடுகிறவர்கள் முதலில் இணைப்பிகளைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். ஐசோப்ரொப்பைல் அற்ககோலும் பழைய பல்துலக்கியும் போதும். சேர்வோவுக்குள் மணல் போயிருந்தால் திருப்பும்போது நறநறக்கும், அதை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது, றிசீவரின் (விமானத்துக்குள் றிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) காலி இடத்தில் மல்ற்றிமீற்றரை வைத்து, எல்லா ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் ஆட்டுங்கள். 5 வோல்ற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 4.5-க்குக் கீழே விழுந்தால் மோட்டர் கண்ட்ரோலருக்குள் இருக்கும் மின்வழங்கி போதவில்லை. தனியே ஒன்று வாங்கிப் போடலாம், அல்லது கண்ட்ரோலரையே பெரிதாக்கலாம். இந்தத் துடிப்போடு ட்ரிம் பார்க்கப் போகாதீர்கள், றிசீவர் நடுவானில் அணைந்து எழும்பும்.

## யாரிடம் கொடுப்பது

இணைப்பி, வயர் ஈயம் வைப்பதைக் கைத்தொலைபேசி திருத்துகிறவர்கள் நன்றாகச் செய்வார்கள். எரிந்த கண்ட்ரோலரைத் திருத்தக் கொடுக்காதீர்கள், திருத்தியது வானில் நின்றால் விமானமும் போகும், கீழே நிற்கிறவருக்கும் ஆபத்து. ஊதிய லைப்போ பற்றரியை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. குத்தாமல், நசுக்காமல், வீட்டுக்கு வெளியே மணல் வாளியில் வைத்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.

முதல் பறப்பையும், செட்டை மாற்றிய பிறகு வரும் பறப்பையும் ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் ஸ்டிக்கைப் பிடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று அவர் சொல்லும் ட்ரிம்மை ஒவ்வொரு சொடுக்காகக் கொடுங்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்யும்போதுதான் பட்டனைத் தேடிக் கண் கீழே போய், விமானம் தென்னையில் ஏறுகிறது. எறிவதற்கு முன் றிமோட்டை அணைத்துப் பார்த்து (புரொப்பெல்லர் இல்லாமல்) த்ரொட்டில் பூச்சியத்துக்கு வருகிறதா என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வராவிட்டால் ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் மோட்டரை நிறுத்தும் அமைப்பு) வைக்கவில்லை, அதை வைக்கும்வரை விமானம் மேசையிலேயே இருக்கட்டும்.